நம் பெண்களும் பட்டக் கல்வியும்

ஆண்டு விழா மேடைகளிலே பெண்கல்வியைப் பற்றிப் பேச எழுவோர், ஔவையாரிலே தொடங்கி, காரைக்காலம்மையாரையும் மங்கையர்க்கரசியாரையும் திலகவதியாரையும் வணங்கி, கரகோஷத்தினிடையே ஆசனத்தில் அமர்வது வழக்கம். நாமும் அவ்வாறு பேசியதுண்டு. அதிற் குறையொன்றுமில்லை. ஆயினும், அவ்வம்மையார்களைப் பெற்ற சைவ சமூகத்திலே, ஒரு பெண்பிள்ளை தன் சமயச் சூழலை விட்டகலாது விடுதியில் தங்கி உயர்தர ஆங்கிலக் கல்வி பெறுவதற்கு 1913ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது ஏன் என்று அம்மேடைகளில் எவரும் கேட்பதில்லை. இம்மலருக்குச் சரித்திரக் கட்டுரையொன்று வேண்டுமெனச் சங்கத்தார் கேட்டபோது அக்கேள்வியையே எடுத்துக்கொண்டோம்.

எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. தெமட்டகொடையிலே மாலை வேளைகளில் நடைபெறும் உயர்தர வகுப்புகளை எட்டிப் பார்ப்போர் ஒன்றைக் காண்பர். முன் வாங்குகளிற் பெண்பிள்ளைகள் நெருங்கி இருக்கின்றனர். பின்னே ஆண்பிள்ளைகள் ஆங்காங்கே இருக்கின்றனர். கடைசி வாங்கு பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றது. நம் பாட்டனார் காலத்தில் வெறுமையாகக் கிடந்தது மற்றப் பக்கம். இம்மாற்றம் எவ்வாறு வந்தது என்பதை, வாலிபர் சங்கமெனப் பெயர் தாங்கிய நாம் அறிந்திருத்தல் நன்று.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிலே ஆண்பிள்ளைகளுக்கெனச் செமினரி ஒன்றை நிறுவினர். அடுத்த ஆண்டே, அதாவது 1824இல், உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு கூடிய பாடசாலையைத் தொடங்கினர். ஹரியற் வின்சிலோ அம்மையார் அதனை நடத்தினார். ஆசியாவிலே பெண்களுக்கென எழுந்த விடுதிப் பாடசாலைகளுள் மிக முற்பட்டவற்றில் அஃதொன்று. ஆண்களுக்கும் பெண்களுக்குமிடையே அவர்கள் விட்ட இடைவெளி ஓராண்டு. இனி நம்மவர் கணக்கைப் பார்ப்போம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தது 1848இல். சைவ பரிபாலன சபையார் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தத் தொடங்கியது 1890இல். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் மருதனார்மடத்திலே பெண்களுக்கெனக் கல்லூரி திறந்தது 1913இல். நாவலரிலிருந்து இராமநாதன் கல்லூரிவரை அறுபத்தைந்து ஆண்டுகள். ஒரு பெண் பிறந்து, மணம் முடித்து, பேரப்பிள்ளையையும் கண்டு முடிக்கும் காலம்.

நாவலர் பெருமானைக் குறைகூற நாம் முற்படவில்லை. கையிலே பொருளின்றி, அச்சியந்திரத்தைக் கடல்கடந்து கொண்டுவந்து, பாலபாடங்களைத் தாமே எழுதி, வீடு வீடாகப் பிடியரிசித் தண்டல் செய்து பாடசாலை நடத்திய ஒருவரிடம் இன்னும் ஏன் செய்யவில்லை என்று கேட்பது நீதியன்று. கேட்க வேண்டியது அவருக்குப் பின்வந்த பொருளுடையோரை.

மிஷனரிமார் அவ்வளவு விரைந்து பெண்பாடசாலை திறந்தது பெண்ணினத்தின்பாற் கொண்ட இரக்கத்தினால் மட்டுமன்று. வட்டுக்கோட்டையிற் படித்துக் கிறிஸ்தவராகிய வாலிபருக்குக் கிறிஸ்தவ மனைவியர் வேண்டியிருந்தனர். அவ்வாலிபர் சைவ வீட்டிற் பெண்ணெடுத்தால் அடுத்த தலைமுறை திரும்பவும் கோயில் வீதிக்கே வந்துவிடும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தார்கள். ஆகவே உடுவிற் பாடசாலையிற் கல்வி முடித்துக் கிறிஸ்தவரை மணம் புரியும் பெண்ணுக்குச் சிறு சீதனமும் கொடுத்தனர். 1840இல் வந்து ஏறத்தாழ நாற்பதாண்டு அங்கே பணிபுரிந்த எலைசா அக்னியூ அம்மையாரை ஆயிரம் புதல்வியரின் தாய் என்று அவர்கள் போற்றுவர். புதல்வியர் ஆயிரவரும் தமிழ்ப் பெண்களே.

இதைக் கண்ட நம் முன்னோர் என்ன செய்தனர்? மகனை மிஷன் பாடசாலைக்கு அனுப்பினர். பின்னேரம் வீடு திரும்பியதும் கால்முகம் கழுவுவித்துத் திருநீறு பூசுவித்தனர். மகனைப் பற்றி அந்தத் துணிவு அவர்களுக்கு இருந்தது. மகளைப் பற்றி இருக்கவில்லை. அதனைச் சமயப்பற்று என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் சமயப்பற்று மட்டுமே காரணமாயின் மகனையும் அனுப்பியிருக்க மாட்டார்களன்றோ? வீட்டுக் கணக்கு ஒன்று உள்ளே இருந்தது. அதனையே இக்கட்டுரையில் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புகின்றோம்.

ஆங்கிலம் படித்த மகன் கச்சேரியிலே எழுதுவினைஞராகலாம். புகையிரதப் பகுதியிலே உத்தியோகம் பார்க்கலாம். கப்பலேறி மலாயாவுக்குப் போகலாம். எமது தெமட்டகொடையிற் புகையிரத உத்தியோகத்தால் வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனையென்று முதியோர் அறிவர். மாதச் சம்பளமும் முடிவிலே பென்ஷனும் மட்டுமன்று. உத்தியோக மாப்பிள்ளை என்றால் சீதனமும் அதற்கேற்ப உயரும். மகனின் படிப்புக்குத் தகப்பன் செலவழித்த பணம் சம்பந்தி வீட்டிலிருந்து நன்செய்யாகவும் நகையாகவும் திரும்பி வந்தது. மகளின் படிப்புக்குச் செலவழித்தால் திரும்பி வருவதற்கு வழியில்லை. அவளுக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது. படித்தவளென்று சீதனம் குறைந்ததா என்றால், அதிகம் படித்தவளுக்கு அதைவிட அதிகம் படித்த மாப்பிள்ளை தேடவேண்டியிருந்ததனால் அது கூடிற்று. இரண்டு பிள்ளைகளுக்கும் பாடசாலைச் சம்பளம் கட்ட வகையில்லாத வீட்டில், எந்தப் பிள்ளைக்குக் கட்டுவதென்ற கேள்விக்கு விடை முன்னரே எழுதப்பட்டிருந்தது.

அதன் விளைவைக் குடிசன மதிப்புக் கணக்குகளிற் காணலாம். 1881இல் இலங்கை முழுவதிலும் ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேர் எழுத்தறிந்திருந்தனர். பெண்களில் நூற்றுக்கு 3 பேர். நாற்பதாண்டுகளுக்குப் பின் 1921இல் ஆண்கள் 56, பெண்கள் 21. பெண்கள் வேகமாகவே வந்தனர். எனினும் பின்னாலேயே வந்தனர்.

இது நம்மவரின் தனிக்குற்றம் என்று எண்ணவேண்டா. பெரிய சர்வகலாசாலைகளின் கதையும் இதுவே. இலண்டன் சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டங்களைத் திறந்துவிட்டது 1878இல். கல்கத்தாவிலே காதம்பினி கங்குலியும் சந்திரமுகி போசும் 1883இற் பட்டம் பெற்றனர். ஆனால் ஒக்ஸ்போட் பெண்களுக்குப் பட்டமளித்தது 1920இற்றான். கேம்பிரிட்ஜ் 1948வரை அளிக்கவில்லை. பெண்கள் அங்கே படித்தனர், பரீட்சை எழுதினர், சித்தியும் எய்தினர். பட்டம் மட்டும் இல்லை! தமிழகத்திலே முத்துலட்சுமி அம்மையார் புதுக்கோட்டை மகாராஜாக் கல்லூரியிற் சேர விரும்பியபோது, ஆண்பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் தலையிட்டே இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வம்மையார் 1912இல் சென்னை வைத்தியக் கல்லூரியிலே தேறினார். ஆண்பிள்ளைகள் கெட்டதாகச் செய்தியில்லை.

கொழும்பிலே வைத்தியக் கல்லூரி 1870இல் ஆரம்பமாயிற்று. தெமட்டகொடையிலிருந்து நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள அக்கல்லூரி, 1892இற் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. முதலில் நுழைந்தோர் பெரும்பாலும் பறங்கியர் குலத்துப் பெண்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வீட்டுமொழி. வீதியில் நடப்பது அபவாதமன்று. நம் பெண்களுக்கு இவ்விரண்டும் தடையாக இருந்தன. சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரியிலே கொழும்பில் வந்திறங்கியபோது வரவேற்கத் திரண்ட சைவப் பெருமக்களின் வீடுகளிலே ஆங்கிலம் அறிந்த பெண்கள் மிகச் சிலரேயாவர். அந்த வருகையின் எழுச்சியால் 1902இல் விவேகானந்த சபை தோன்றியது. பின்னர் கொட்டாஞ்சேனையிலே பாடசாலையும் நடத்தியது. வெள்ளவத்தையிலே 1930களிற் சைவ மங்கையர் வித்தியாலயம் எழுந்தது. அதற்கு முன் நகரத்துச் சைவப் பிள்ளைக்கு அயலில் இருந்தது கொட்டாஞ்சேனை நல்லாயன் கன்னியர் மடம் போன்ற மிஷன் பாடசாலைகளே. வெள்ளவத்தை வித்தியாலயம் வந்த பின்னரும் தெமட்டகொடைச் சிறுமிக்கு அது கிட்டவா இருந்தது? மருதானைக்குப் போய், கரையோரப் புகையிரதம் ஏறி, நகரின் மறு அந்தத்தில் இறங்கவேண்டும். துணைக்கு ஒருவர் போகவேண்டும். துணைபோக ஆளில்லாத வீட்டில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடியும். சரித்திரம் எழுதுவோர் கட்டிடம் எழுந்த ஆண்டை எழுதுகின்றனர். அந்தக் கட்டிடத்துக்குப் பிள்ளை எவ்வாறு போய்வந்தாள் என்பதையும் எழுதினால் நலமாயிருக்கும்.

இராமநாதன் துரையவர்களிடம் திரும்புவோம். அவர் கதையில் ஆராயவேண்டியது உண்டு. சட்டமா அதிபர் பதவியின் அலுவல்களையும் சட்டநிரூபண சபைப் பிரதிநிதித்துவத்தையும் வகித்த அப்பெரியார், தம் சொந்தப் பொருளைக் கொட்டி மருதனார்மடத்திலே அக்கல்லூரியைக் கட்டினார். அவர்தம் துணைவியாரான லீலாவதி அம்மையார், அவுஸ்திரேலியாவிற் பிறந்து சைவத்தைத் தழுவியவர், அதனைப் பல்லாண்டுகள் கண்ணுங்கருத்துமாய்ப் பேணினார். ஆண்களுக்கெனத் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியை இராமநாதன் துரை தொடங்கியது 1921இல். பெண்களுக்கு முன்னர், ஆண்களுக்குப் பின்னர். நம் சமூகத்திலே அந்த வரிசையில் ஆரம்பித்தவர் அவரையன்றி யாரும் எமது நினைவுக்கு வரவில்லை. 1930இல் அவர் காலமானபின் அவருடைய சமாதியும் அப்பெண்கள் கல்லூரியின் வளவிலேயே அமைந்தது.

அவரே பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தலாகாதென்று பலமாக எதிர்த்தவர். 1927இலே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் கொழும்பிலே தோன்றியது. அதில் முன்னின்றோருள் கனடாவிற் பிறந்து தமிழரை மணந்த டாக்டர் மேரி இரத்தினமும், டாக்டர் நல்லம்மா சத்தியவாகீசுவர ஐயரும் உளர். டொனமூர் ஆணைக்குழுவினர் வந்தபோது இப்பெண்கள் அவர்கள் முன் தோன்றி உரிமை கேட்டனர். இராமநாதன் துரை அஃது குடும்பத்தைக் குலைக்கும் என்றார். கல்வி கொடுப்பேன், அக்கல்வியாற் பிறக்கும் கேள்வியைக் கேட்க விடேன் என்பது எவ்வாறு பொருந்தும்? பெரியவரைப் பற்றி இப்படி எழுதுவது சிலருக்கு உவப்பாயிராது. ஆனால் கட்டிடம் கட்டியவரின் எண்ணத்துக்குள்ளேயே மாணவியர் அடங்கிவிட வேண்டுமென்ற நியதியில்லை. 1931இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் யாவர்க்கும் வாக்குரிமை வந்தது. 1932இல் எமக்கு அயலான வடகொழும்புத் தொகுதியிலிருந்து நேசம் சரவணமுத்து அம்மையார் அரசாங்க சபைக்குத் தெரிவானார். அச்சபையில் அமர்ந்த இரண்டாவது பெண் அவர். தமிழ்ப் பெண்களுள் முதல்வர்.

யாழ்ப்பாணத்திலே அதே காலத்தில் மங்களம்மாள் மாசிலாமணி என்னும் அம்மையார் தமிழ்மகள் என்ற பத்திரிகையை நடத்தினார். இந்து போர்ட் இராசரத்தினம் அவர்கள் சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் மூலம் கிராமந்தோறும் சைவப் பாடசாலைகளைத் திறந்தார். பெண்பிள்ளை நடந்து போகக்கூடிய தூரத்திலே, நம் சமயத்தார் நடத்தும் பாடசாலை. இராமநாதன் கல்லூரி வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்குச் செய்ததை இவை வசதியற்ற வீட்டுப் பெண்களுக்குத் தொடக்கி வைத்தன. இவற்றிலிருந்து ஆசிரியைமார் தோன்றினர். ஆசிரியை என்றால் மாதச் சம்பளம். வீட்டுக் கணக்கிலே பெண்ணின் பெயருக்கு எதிரே முதன்முறையாக வரவுப் பக்கத்தில் ஓர் எண் எழுதப்பட்டது.

இனிப் பல்கலைக்கழகம். பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1906இல் இலங்கைச் சர்வகலாசாலைச் சங்கத்தை அமைத்துக் கிளர்ச்சி செய்தார். 1921இல் கொழும்பிலே சர்வகலாசாலைக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கு எழுதியது இலண்டன் பட்டப் பரீட்சையாதலின் பெண்களுக்குச் சட்டத்தடை எதுவும் இல்லை. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜிற் படித்தவர். அவர் தலைமையிலே கொழும்பிற் பெண்கள் பட்டம் பெற்ற அந்நாளில், அவர் படித்த சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டம் கொடாதிருந்தது. ஆனால் திறந்த கதவால் நுழைந்தவர் எத்தனை பேர்? அப்போதிருந்த ஏறத்தாழ 900 மாணவருள் பெண்கள் பத்திலொருவர். தடை வாசலில் இல்லை, வீட்டிலே இருந்தது.

அந்தத் தடையைத் தகர்த்தவர் கன்னங்கரா அவர்கள். கல்வி மந்திரியாக இருந்து அவர் கொண்டுவந்த இலவசக் கல்வித் திட்டம் 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. இத்திட்டத்தைப் பற்றி எழுதுவோர் ஏழைக்கும் செல்வனுக்கும் இடையே இருந்த மதிலை அது இடித்ததென்று எழுதுவர். உண்மை. அது வீட்டினுள்ளே அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே இருந்த மதிலையும் இடித்தது. யாருக்குச் சம்பளம் கட்டுவது என்ற கேள்வியே எழாதபோது, தங்கையை மறிக்கக் காரணமும் இல்லாது போயிற்று. தாய்மொழியிற் கற்பிக்கத் தொடங்கியதும், மத்திய மகா வித்தியாலயங்கள் கிராமப்புறங்களில் எழுந்ததும் துணைசெய்தன. 1952இல் பேராதனைக்குப் பல்கலைக்கழகம் பெயர்ந்தபோது பெண்களுக்கென விடுதிகள் இருந்தன. ஊரைவிட்டு மகளை அனுப்ப அஞ்சிய தாய்மாருக்கு அது பெரிய ஆறுதல். 1970ஆம் ஆண்டளவிலே பல்கலைக்கழக மாணவருள் பெண்கள் நூற்றுக்கு 44 பேர். பத்திலொருவரிலிருந்து கிட்டத்தட்டச் சரிபாதி, இருபத்தெட்டே ஆண்டுகள்! பெண்களின் மூளை இருபத்தெட்டு ஆண்டுகளில் வளர்ந்துவிடவில்லை; பெற்றோரின் அன்பும் அவ்வளவு விரைவில் மாறிவிடவில்லை. கட்டணம் நீங்கியது.

மறக்கலாகாத ஒருவர் பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை (பின்னாளில் சிவசேகரம்). 1960களின் முற்பகுதியிலே பொறியியற் பீடத்தில் ஆண்கள் நடுவே கற்று, இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் ஆனவர். பின்னர் ஒக்ஸ்போட்டிலே கலாநிதிப் பட்டமும் பெற்றார். தகப்பனாரும் பொறியியலாளரே. வீட்டிலே ஒருவர் அத்துறையை அறிந்திருந்தால் மகளுக்கு அது விசித்திரமாகத் தோன்றுவதில்லை.

இவ்வெற்றிக் கதைக்குள் அடங்காதோரும் உளர். தோட்டப் பாடசாலைகள் நீண்டகாலம் தோட்ட நிர்வாகத்தின் கீழே ஓரிரு வகுப்புகளோடு கிடந்தன. தாய் கொழுந்து பறிக்கப் போக, மூத்த மகள் கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் நின்றாள். இலவசக் கல்வி அவளை வந்தடையப் பல்லாண்டுகள் சென்றன. மலையகத்திலிருந்து தெமட்டகொடைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து வாழும் குடும்பங்கள் பல எமது அயலிலேயே உள்ளமையால் இதனைச் சொல்லாது செல்ல இயலவில்லை.

1970களின் தொடக்கத்திலே தரப்படுத்தல் வந்தது. மொழிவாரியாகவும் பின் மாவட்டவாரியாகவும் புள்ளிகள் திருத்தப்பட்டபோது வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் காத்திருந்த தமிழ் மாணவர் பலர் கதவடியில் நின்றனர். 1974இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவிலே யாழ்ப்பாண வளாகம் ஆரம்பமானது ஓர் ஆறுதல். ஆனால் 1983 ஜூலை 24ஆம் திகதி இரவு பொறளைக் கனத்தைச் சுடலையருகே தொடங்கிய வன்செயல் மறுநாள் கொழும்பெங்கும் பரவியது. பொறளைக்கும் தெமட்டகொடைக்கும் உள்ள தூரத்தை எம் வாசகர்க்குச் சொல்லவேண்டியதில்லை.

அதன் பின் வந்த ஆண்டுகளில் நம் வீட்டுக் கணக்கு மீண்டும் மாறியது. முன்னே மகனைப் படிப்பிக்கக் காணியை ஈடுவைத்தனர்; இப்போது மகனை உயிரோடு காக்கக் காணியை விற்றனர். ஏஜென்சிக்காரனுக்குப் பணம் கட்டி இலண்டனுக்கும் கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் சுவிற்சலாந்துக்கும் பதினெட்டு வயதுப் பையன்கள் அனுப்பப்பட்டனர். வடக்கிலும் கிழக்கிலும் பலர் இயக்கங்களிற் சேர்ந்தனர், பலர் பிடிபட்டனர், பலர் திரும்பவில்லை. வகுப்பறையிலே எஞ்சியிருந்தோர் பெண்கள். அவர்களும் போரினுள்ளேதான் இருந்தனர். இயக்கத்துக்குப் போன பெண்களும் உண்டு. எனினும், விளக்கெண்ணெய் வெளிச்சத்திலும் ஜாம் போத்தல் விளக்கிலும் படித்து, மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்திலிருந்து பரீட்சை எழுதியோருள் பெண்கள் பெருந்தொகையினர். தமிழ்ப் பெண்கள் பல்கலைக்கழகத்திற் பெரும்பான்மையாயினர் என்று மகிழ்வோடு எழுதும்போது, அந்த விகிதத்தின் ஒரு பங்கு இல்லாமற்போன பையன்களால் உண்டானது என்பதையும் சேர்த்தெழுத வேண்டும். பெண்கள் முன்னேறியது ஒன்று. ஆண்கள் அகன்றது மற்றொன்று. எண்ணிக்கையிலே இரண்டும் ஒரே மாதிரித் தோன்றும்.

இன்றைய நிலையைப் பார்ப்போம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களிற் படிப்போருள் பெண்கள் நூற்றுக்கு அறுபதுக்கு மேல். பட்டம் பெற்று வெளியேறுவோரிலும் அவ்வாறே. இது தமிழருக்கு மட்டும் உரியதன்று. சிங்கள மாணவரிடத்தும் இதே நிலைமை. அமெரிக்காவிலும் 1980களின் தொடக்கம் முதற் பெண்களே ஆண்களைவிட அதிகம் பட்டம் பெறுகின்றனர். ஆகவே போர் ஒன்றே காரணமென்று நாம் சொல்லவில்லை. இங்கே உயர்தரப் பரீட்சையிலே பல்கலைக்கழகத் தகுதி பெறுவோருள் ஏறக்குறைய நாலிலொரு பங்கினருக்கே இடமுண்டு. அந்த வரிசையிலிருந்து ஆண்பிள்ளைகள் இரண்டு வாசல்களால் வெளியேறுகின்றனர். பணமுள்ள வீட்டுப் பிள்ளை தனியார் நிறுவனத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகிறான். பணமில்லாத வீட்டுப் பிள்ளை சாதாரணதரத்தோடு, சில வேளை அதற்கு முன்பே, புறக்கோட்டைக் கடைக்குப் போகிறான், முச்சக்கரவண்டி ஓட்டுகிறான், மத்திய கிழக்குக்கு விசா பார்க்கிறான். முதலாமவனைப் பற்றி நாம் கவலைப்படவில்லை. இரண்டாமவன்தான் அந்தக் கடைசி வாங்கில் இல்லாதவன். இன்று கையில் வரும் சம்பளம், நாலைந்து ஆண்டுக்குப் பின் வரக்கூடிய பட்டத்தைவிடக் கனமாக இருக்கிறது. அது மூடத்தனமன்று, கணக்கு.

பெண்ணின் பக்கத்திலும் கணக்கு முடிந்துவிடவில்லை. கலைப்பீடங்களிலே ஐவரில் நால்வர் பெண்கள். பொறியியற் பீடங்களிலோ நால்வரில் ஒருவர் வந்தால் மிகுதி. பிரேமளா அம்மையார் தனியே அமர்ந்திருந்த வகுப்பறை அறுபதாண்டுகளில் அவ்வளவுதான் நிரம்பியிருக்கிறது. நாட்டின் பெண்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரே தொழிற்படையில் உள்ளனர். ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய எழுபது பேர். படித்தவள் பட்டத்தைச் சட்டகமிட்டுச் சுவரில் மாட்டி, அரசாங்க நியமனம் வருமென்று ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கிறாள். காத்திருக்கும்போது மணம் பேசுகின்றனர். சீதனப் பேச்சில் அவள் பட்டத்துக்கு எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பதை அனுபவமுள்ளோர் சொல்லக் கேட்டிருக்கிறோம், அதிகமில்லை.

தமிழகத்திலே இப்பொழுது ஒரு முறை நடைபெறுகிறது. அரசாங்கப் பாடசாலையிற் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபா அவள் வங்கிக் கணக்கிலேயே போடும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. ஈராண்டு கழித்து, 2024இலே, ஆண்பிள்ளைகளுக்கும் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் அதே தொகையைக் கொடுக்கத் தொடங்கினர். இங்கே மகாபொல புலமைப்பரிசில் உண்டு. அது பல்கலைக்கழகத்தினுள்ளே சென்றவர்க்கு. வாசலுக்கு வருமுன் விலகிப்போகிறவனுக்கு ஒன்றுமில்லை. எமது சங்கத்திலே மாலை வகுப்புக்கென உதவி புரியும் அன்பர்கள் இவ்விஷயத்தைச் செயற்குழுவிற் பேசினால், நாமும் எமது பங்குக்கு ஒரு தொகை எழுதுவோம்.

எமக்குத் தெரிந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டனார் 1930களில் இலண்டன் மற்றிக்குலேசன் தேறி அரசாங்க உத்தியோகம் பெற்றவர். அவர் விடுதியிற் படித்த செலவுக்கு அவருடைய தமக்கையாரின் தாலிக்கொடிக்கென வைத்திருந்த பவுண்கள் விற்கப்பட்டன. தமக்கையார் கடைசிவரை மணம் புரியவில்லை. பெயர் எழுதத் தெரியும், அவ்வளவே. தம்பியின் பிள்ளைகளை அவரே வளர்த்தார். அவ்வீட்டுப் பேரர் ஒருவர், உயர்தரம் ஒருமுறை எழுதிப் போதிய புள்ளி கிடையாது, இன்று புறக்கோட்டையிலே புடவைக் கடையில் நிற்கிறார். இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்புகிறார். அவருடைய தங்கை பேராதனையிலே இரண்டாம் ஆண்டு. மாதம் பிறந்ததும் அவளது விடுதிச் செலவை அவர் எண்ணி வைத்துவிட்டுத்தான் மிகுதியைத் தாயார் கையிற் கொடுக்கிறார். அவரை ஒருநாள் வீதியிற் கண்டு, இன்னொரு முறை பரீட்சை எழுதலாமே தம்பி என்றோம். “அவள் முடிக்கட்டும், ஐயா. பிறகு பாப்பம்” என்றார். அவருக்கு வயது இருபத்திரண்டு.